மாரிப் பீர்க்கும் மாலைப் பொழுதும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'கூதிர்காலத் தோட்டம்' என்னும் பொருளில் பேசுமாறு பணித்துள்ளீர்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம் என்று ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வருபவள் நான். ஆயினும் அப்பருவத்தில் மண்ணில் என்ன நிகழ்கிறது என்பதை என் தாயாரிடமிருந்து மிகத் தாமதமாகவே கற்றேன். அதைச் சொல்வதே இவ்வுரை.

எங்கள் வீடு கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் உள்ளது. வீட்டின் பின்னே சிறு கொல்லை. புரட்டாசி பிறந்ததும் அம்மா பாத்திகளை மேடாக்கி, இடையே வாய்க்கால் வெட்டிவிடுவார். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் நீர் வடிய வழி செய்யாவிட்டால் கத்தரியும் மிளகாயும் வேரழுகிப் போகும். ஆடியில் ஊன்றிய பீர்க்கு அதற்குள் பந்தல் நிறையப் படர்ந்திருக்கும். இற்றுப்போன கயிறுகளை அவிழ்த்துப் புதிதாகக் கட்டுவார். கார்த்திகைக் கடைசியில் மல்லிகைக்குக் கவாத்து. மொட்டையாய் நிற்கும் செடியைப் பார்த்து நான் வருந்தினால், "பங்குனியில வந்து பாரு" என்பார்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். குறுந்தொகையின் 98ஆம் பாடல் கோக்குளமுற்றனார் பாடியது, முல்லைத் திணை. பருவம் வந்தும் தலைவன் வரவில்லை. நம் படப்பையில் மழைக்குத் தழைத்த பீர்க்கின் பூக்கள் சிலவற்றை எடுத்துச் சென்று, 'அவள் இவ்வாறு ஆகிவிட்டாள்' என்று அவரிடம் சொல்வார் கிடைத்தால் நல்லது எனத் தலைவி தோழியிடம் கூறுகிறாள். பசலையின் நிறம் பீர்க்கம்பூவின் நிறம். பத்தாண்டுகளுக்கும் மேலாக வகுப்பில் நான் சொன்ன விளக்கம் இவ்வளவே. என் முனைவர்பட்ட ஆய்வேட்டிலும் இதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "பீர்க்கு எப்போதம்மா பூக்கும்?" என்று கேட்டாள். "காலையில்" என்றேன், சற்றும் தயங்காமல். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டார். "அது விளக்கு வைக்கிற நேரத்துப் பூடி! கொல்லைப்பக்கம் வந்து பாரு" என்று அழைத்துப்போனார். ஐப்பசித் தூறல். மங்கிய ஒளியில் பந்தலெங்கும் மஞ்சள் மலர்கள் விரிந்துகொண்டிருந்தன. அம்மா ஓர் ஆண்பூவைக் கிள்ளி, பிஞ்சோடு நின்ற பெண்பூவில் ஒற்றியெடுத்தார். "மழையில பூச்சி வராது. நாமதான் தொட்டுவிடணும்" என்றார்.

முல்லைக்குரிய சிறுபொழுது மாலை. பீர்க்கோ மாலையில் மலர்வது. அவ்வாறாயின் தலைவி கொடுத்தனுப்ப நினைத்தது தன் நிறத்தை மட்டுமன்று; தான் துன்புறும் வேளையையும்தான். பந்தல் பூக்கும் பொழுதெல்லாம் அவளுக்குத் தனிமை. நக்கீரர் நெடுநல்வாடையில் கூதிர்க்காலப் புதர்தோறும் பீர்க்கு மலர்ந்திருப்பதைக் காட்டுகிறார். வானம் மூடிப் பொழுது தெரியாத நாளில், பிச்சியின் அரும்பு அவிழ்வது கண்டே மாலை வந்ததென்று மகளிர் அறிந்து விளக்கேற்றுவதும் அப்பாட்டில் உண்டு. பூவைக் கொண்டு பொழுதறிந்த மக்களின் பாடல்களை, பூவை அறியாமலே நான் நடத்தி வந்திருக்கிறேன்.

மறுநாள் வகுப்பில் என் விடையைத் திருத்தினேன். அம்மாணவியின் கேள்விக்கு நன்றியும் சொன்னேன்.

அம்மா மறைந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. கொல்லையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, சிமெண்ட் தளம் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. என்னாலும் மறுத்துச் சொல்ல இயலவில்லை. பரணை ஒழிக்கும்போது ஒரு பீர்க்கம் நெற்று கிடைத்தது. ஆட்டிப் பார்த்தேன், உள்ளே விதைகள் குலுங்கின. அம்மா கடைசியாக விதைக்கு விட்டது. அவ்வாண்டு ஆடியில் ஊன்றினேன். பாதிதான் முளைத்தது. அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. தளம் போடும் பேச்சு பிறகு எழவில்லை.

கவிஞர் பெருமக்களே, பீர்க்கைப் பாடுங்கள் என்று நான் கேட்க வரவில்லை. நீங்கள் பாடும் பூ எதுவாயினும், அது மலரும் வேளையில் ஒருமுறை அதன் அருகில் நின்று பாருங்கள் என்றே வேண்டுகிறேன்.

இவ்வாண்டு விதைகளைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி வாயிலருகே வைத்திருக்கிறேன். சாம்பலில் புரட்டி, ஈரம் படாமல் ஆடி வரை வையுங்கள். அடுத்த கூதிரில் உங்கள் பந்தலும் பூக்கட்டும்.