காவலனின் ஐயம்



ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளில் தோலை வெளிச்சத்தில் விரித்து, வடுப் பார்த்துத் தரம் பிரிப்பர். முள் கீறிய தழும்பை அம்மை வடுவென்று கொண்டால் நல்ல தோலும் கழிவாகும். கணினியின் வைரஸ் தடுப்பு மென்பொருளும் இவ்வாறு தடுமாறுவதுண்டு.

கோ என்னும் நிரல்மொழியில் தாம் எழுதிய முதல் நிரலையே கணினி வைரஸ் என்று பிடித்து அடைத்துவிட்டதாகச் சொல்லும் மாணவர் சிலரைக் கண்டிருக்கிறேன். அம்மொழியை ஆக்கியவர்களே தம் வினா விடைப் பகுதியில் இதனைக் குறித்து, இவ்வெச்சரிக்கை பெரும்பாலும் பொய் என்கிறார்கள். காரணம் யாது? கோ நிரல் ஒவ்வொன்றும் தான் இயங்க வேண்டிய துணைநிரல்களைத் தன்னுள்ளேயே சுமந்து செல்வது. கள்வன் எழுதிய நிரலிலும் அதே சுமை இருக்குமன்றோ? காவலனோ முகத்தைப் பாராமல் மூட்டையைப் பார்த்துப் பிடித்துவிடுகிறான்!

2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி மென்பொருள், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான கோப்பொன்றையே வைரஸ் எனக் கொண்டது. உலகெங்கும் பல கணினிகள் ஓயாமல் அணைந்து அணைந்து எழுந்தன.

இத்தொல்லையால் சலித்துக் காவலையே அறவே நிறுத்திவிடுவோரும் உளர். அது கதவைக் கழற்றி வைப்பதாகும். கருவியை அதற்குரிய தளத்திலிருந்தே இறக்கி, அங்கே தந்துள்ள ஷா-256 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் அக்கோப்புக்கு மட்டும் விலக்களித்து, தடுப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஆய்வுக்கு அனுப்புங்கள். பொருந்தாவிடில், காவலன் சொன்னதே மெய்யாகலாம்.