இல்லறத்தின் முதற்படியில் இயல்பின் பங்கு
(விழா மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வீடுகளில் மணப்பேச்சு எழுந்தால் எவற்றை விசாரிக்கிறோம்? எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, என்ன படிப்பு, எவ்வளவு ஊதியம் என்று கேட்கிறோம். நாம் எண்ணிக்கையில் சிறிய சமூகத்தார். வந்தவாசியிலோ ஆரணியிலோ திண்டிவனத்திலோ ஒரு குடும்பத்தைக் குறிப்பிட்டால், அதன் மூன்று தலைமுறையும் தெரிந்துவிடுகிறது. குடும்பம் தெரியும் என்பதனாலேயே பிள்ளையின் இயல்பும் தெரியும் என்று எண்ணிவிடுகிறோம். 'சினம் வந்தால் இவர் என்ன செய்வார்?' என்னும் ஒரு வினாவை மட்டும் எவரும் எழுப்புவதில்லை.

அந்த வினாவை எழுப்பிப் பார்த்தார் ஓர் அமெரிக்க உளவியல் அறிஞர். லோவெல் கெல்லி என்பது அவர் பெயர். 1930களில், மணம் உறுதி செய்யப்பட்டிருந்த 300 இணையரைத் தேர்ந்து, அவரவரை அறிந்தவர்களைக் கொண்டே அவர்தம் இயல்புகளை மதிப்பிடச் செய்தார். அவ்விணையரின் வாழ்க்கை 1980 வரை தொடர்ந்து ஆராயப்பட்டது. ஜேம்ஸ் கான்லி என்பாருடன் இணைந்து அவர் எழுதிய முடிவு 1987இல் வெளிவந்தது. அந்த 300 இணையருள் 22 இணையர் மணத்திற்கு முன்னரே பிரிந்தனர். மணந்துகொண்ட 278 இணையருள் 50 இணையர் மணமுறிவு பெற்றனர்.

மணவாழ்வின் நன்மை தீமையோடு மிகுதியும் தொடர்புற்றவையாக மூன்று இயல்புகள் அவ்வாய்வில் புலப்பட்டன. எளிதில் கலங்கிக் கவலையும் எரிச்சலும் கொள்ளும் மனம் கணவனிடத்து இருத்தல் ஒன்று. அதுவே மனைவியிடத்து இருத்தல் மற்றொன்று. தன் வேகத்தை அடக்கும் ஆற்றல் கணவனுக்குக் குறைந்திருத்தல் மூன்றாவது. இன்னொன்றையும் அவர்கள் கண்டனர். பிரியாமல் வாழ்ந்த இணையர் அனைவரும் மகிழ்ந்து வாழ்ந்தவர் அல்லர். துன்பத்தை வாய் திறவாமல் சுமந்தே காலத்தைக் கழித்தவரும் அவருள் இருந்தனர். 'எங்கள் குடும்பத்தில் மணமுறிவே இல்லை' என்று பெருமை பேசும் நாம் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் சிலப்பதிகாரமும் இதற்குச் சான்று தருகிறது. கோவலன் கொடியவன் அல்லன். வறியவர்க்கு இரங்கிய வள்ளல். ஆயினும் வேகத்தை அடக்க அறியாதவன். 1008 கழஞ்சு பொன் விலையுள்ள மாலையை வாங்கி, மாதவி மனை புகுந்தான். கடற்கரையில் அவள் பாடிய பாட்டுக்குத் தானே ஒரு பொருள் கற்பித்துக்கொண்டு அவளையும் பிரிந்தான். பின்னர், பொழுது புலருமுன் ஊரையே துறந்தான். கண்ணகியோ தன் துயரை உள்ளத்துள் புதைத்தாள். அவன் செய்தது தகாது என்று அவள் அவனிடம் வெளிப்படக் கூறியது மதுரை ஆயர்சேரியில், சிலம்பு விற்க அவன் புறப்பட்ட அன்று. அவன் கேட்டான், உணர்ந்தான், வருந்தினான். ஆனால் திருந்தி வாழ நாள் இல்லை. ஒருவரது வேகமும் மற்றவரது மௌனமும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிறரைக் கூறிய நான் என்னையும் கூறுதல் முறை. எனக்கு மணமான முதல் ஆண்டு. பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கமுடைய வீடு எங்களுடையது. ஒரு நாள் பள்ளியிலிருந்து திரும்பியபோது, ஈர விறகு புகைந்து சமையல் முடியவில்லை, கதிரவனும் மறைந்துவிட்டான். "ஒரு வேளைச் சோறு நேரத்திற்கு ஆக்கத் தெரியாதா?" என்று சுடுசொல் வீசிவிட்டு எழுந்து போனேன். மூன்று நாள் பேசவில்லை. நோன்பு காத்த பெருமிதம்கூட என் உள்ளத்தில் இருந்தது. என் தாயார்தாம் என்னை அழைத்து, "பூச்சி புழுவுக்கு இரங்கித்தானே இருட்டில் உண்ணாமல் இருக்கிறாய்? அந்தப் பெண்ணும் அன்று உண்ணவில்லையடா. அவள் உயிர் உயிரில்லையா?" என்றார். அன்று தலைகுனிந்தேன். என் சினம் அன்றே ஒழிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் அது வரும் வழியை அறியலானேன். சினம் எழும்போது கிணற்றடிக்குச் சென்று ஒரு வாளி நீர் இறைத்துவிட்டுத் திரும்புவேன். என் மனைவியும் மனத்தில் உள்ளதை அன்றன்றே சொல்லப் பழகினார்.

இயல்பு என்பது தலைவிதி அன்று; எனினும் ஒரே நாளில் மாறுவதும் அன்று. ஆகவே மணமக்களே, 'நான் எளிதில் கலங்குவேன்', 'எனக்கு விரைவில் சினம் வரும்' என்று ஒருவருக்கொருவர் முன்னரே கூறிவிடுங்கள். அதில் இழிவு ஒன்றும் இல்லை. பெற்றோர்களே, பெண்ணுக்கு மட்டும் பொறுமையைப் போதித்து அனுப்பாதீர்கள். மகனுக்கு அடக்கத்தைக் கற்பியுங்கள். கைநீட்டும் கணவனிடம் 'அனுசரித்துப் போ' என்று மகளைத் திருப்பி அனுப்புவது பொறுமையைக் கற்பித்தல் ஆகாது. அது கொடுமைக்குத் துணை போதலே ஆகும்.

அடுத்த மணப்பேச்சின்போது, ஊதியத்தைக் கேட்குமுன் அந்த ஒரு வினாவைக் கேளுங்கள். அதனை உங்கள் பிள்ளையைக் குறித்தும் கேளுங்கள்.