வீட்டுக் கணினியிலிருந்து வீட்டுக் கணினிக்கு

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஒரு காலத்தில் ஒரே லயத்தில் குடியிருந்த நாம் இன்று பல ஊர்களில் பிரிந்து வாழ்கிறோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. பெற்றோர் பகாவிலோ ரந்தாவிலோ இருக்க, மகன் நீலாயிலும் மகள் ஜொகூரிலும் இருக்கிறார்கள். குடும்பத்தின் படங்களும் பத்திரங்களும் அதேபோல் சிதறிக் கிடக்கின்றன. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை எடுத்த வீடியோ நாடா ஒருவர் வீட்டில். தாத்தா பேசிய ஒலிநாடா இன்னொருவர் வீட்டில். நாடாவில் பூஞ்சை பிடித்துவிட்டால் அந்தக் குரல் போனது போனதுதான். அதைக் கணினியில் ஏற்றி, இரண்டு மூன்று வீடுகளில் பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரிய கோப்புகளை இணையத்தின் வழி அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அதுதான்.

எது பெரிய கோப்பு? திருக்குறளின் 1330 குறட்பாக்களையும் எழுத்தாகத் தட்டச்சு செய்து வைத்தால் அது ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் மூன்று நான்கு மெகாபைட் இருக்கும். ஒரு நிமிட வீடியோ ஏறக்குறைய 100 மெகாபைட். வள்ளுவர் சிக்கனக்காரர், நாம் அப்படியல்ல.

எழுத்துக் கோப்புகள் சிறியவை என்பதால்தான் இணையம் மெதுவாக ஊர்ந்த காலத்திலேயே தமிழர்கள் ஒரு பெரிய வேலையைச் செய்ய முடிந்தது. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் அதை ஒருங்கிணைத்தார். வெவ்வேறு நாடுகளில் இருந்த தொண்டர்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். வேறொருவர் பிழை திருத்தினார். கூலி யாருக்கும் இல்லை. அன்று தொலைபேசிக் கம்பி வழியாகவே இணைப்பு. ஒரு படம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். இன்று நாம் அனுப்ப நினைப்பது வீடியோ. வேகம் கூடியிருக்கிறது, சுமையும் கூடியிருக்கிறது.

கோப்பு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். ஒரு பெரிய அலமாரியை லயத்து வீட்டின் சின்ன வாசல் வழியாக அப்படியே நுழைக்க முடியாது. கழற்றி, பலகைக்குப் பலகை எண் போட்டு, உள்ளே கொண்டுபோய்ப் பூட்டுவோம். இணையமும் அதையே செய்கிறது. கோப்பைச் சிறு சிறு பொட்டலங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் முகவரியும் இட்டு அனுப்புகிறது. ஒரு பொட்டலம் சுமார் 1500 பைட். ஒரு ஜிகாபைட் வீடியோ என்றால் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான பொட்டலங்கள். வழியில் ஒன்று தொலைந்தால், பெறுகிற கணினி அந்த எண்ணைச் சொல்லி மறுபடி கேட்டு வாங்கிக்கொள்கிறது. கோப்புகளை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும் விதிமுறையை 1971 ஏப்ரலில் முதன்முதலாக எழுதியவர் ஓர் இந்தியர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர்களில் ஒருவர். அப்போது அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தார்.

இனி நேரக் கணக்கு. இதில்தான் பலர் குழம்புகிறோம். இணைய நிறுவனங்கள் வேகத்தைப் பிட்டில் சொல்கின்றன. கோப்பின் அளவோ பைட்டில் இருக்கிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே ஒரு ஜிகாபைட் என்பது 8000 மெகாபிட். வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் 800 வினாடி, அதாவது 13 நிமிடத்துக்குச் சற்று மேல். வேகம் ஒரே மெகாபிட் என்றால் இரண்டேகால் மணி நேரம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இறக்கும் வேகம். அனுப்புகிறவருக்கு வேண்டியது ஏற்றும் வேகம். பெரும்பாலான இணைப்புகளில் அது குறைவு. எல்லாரும் நாடகம் பார்க்கும் இரவு எட்டு மணிக்கு அனுப்பத் தொடங்கி, கைப்பேசியைத் திட்டுவதில் பயனில்லை. படுக்கப் போகும்போது தொடங்கிவிட்டால் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் முடிந்திருக்கும்.

ஜிமெயிலில் 25 மெகாபைட்டுக்கு மேல் இணைக்க முடியாது. வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. முகம் தெரியும்; பின்னால் பலகையில் எழுதிய தோட்டத்தின் பெயர் தெரியாது. அதே படத்தை ஆவணம் என்ற பகுதியில் சேர்த்து அனுப்பினால் சுருங்காமல் போகும். 2022 முதல் இரண்டு ஜிகாபைட் வரை இப்படி அனுப்பலாம். பிறப்புப் பத்திரத்தின் படத்தை எப்போதும் இவ்விதமே அனுப்புங்கள். பத்திரம் கிடைக்காமல் அலைந்தவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். படம் அசலுக்கு ஈடாகாது என்றாலும், அதிலுள்ள பதிவு எண் தெளிவாகத் தெரிந்தால் மறுபடி மனுச் செய்வது எளிது.

இடையில் யாருடைய கிடங்கிலும் வைக்காமல், நம் வீட்டுக் கணினியிலிருந்து மகன் வீட்டுக் கணினிக்கு நேராக அனுப்ப முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் ஒரு தடை உண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்துக்குக் கடிதம் எப்படி வந்தது? எல்லாக் கடிதமும் ஆபீசுக்குத்தான் வரும். கிராணி பெயர் பார்த்துக் கொடுப்பார். வீட்டிலுள்ள இணையப் பெட்டியும் ஒரு கிராணிதான். வெளியுலகுக்கு அந்தப் பெட்டியின் முகவரி மட்டுமே தெரியும். நாம் முதலில் எழுதினால், வரும் பதில் நமக்குரியது என்று அறிந்து கொடுத்துவிடும். நாம் எழுதாமலே வெளியிலிருந்து வருவதைத் தள்ளிவிடும். இரு வீட்டிலும் இப்படி ஒரு கிராணி இருந்தால் முதல் கடிதத்தை யார் எழுதுவது? அதற்காக நடுவில் ஒரு கணினி இரு வீட்டாருக்கும் மற்றவரின் முகவரியைச் சொல்கிறது. உடனே இருவரும் ஒரே சமயத்தில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள். இரு கிராணிகளும் வழிவிடுகிறார்கள். பெரும்பாலும் இது பலிக்கிறது; பலிக்காதபோது நடுக் கணினியே பொட்டலங்களை வாங்கிக் கைமாற்றிவிடும்.

சிங்திங் என்ற இலவச மென்பொருள் இவ்வாறு இயங்குவது. இரு வீட்டிலும் ஒரு கோப்புறையைக் குறித்துவிட்டால், இரண்டு கணினியும் திறந்திருக்கும் நேரத்தில் கோப்புகள் தாமாகவே போய்ச் சேரும். வழியில் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிய நிலையில் போகும். மழையில் மின்சாரம் போனாலும், விட்ட இடத்திலிருந்து தொடரும். 2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரண்ட் முறையிலும் கோப்பு துண்டு துண்டாகப் பல வீடுகளிலிருந்து வந்து சேரும். ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் உண்டு. ஸ்டோரில் பாலை நிறுத்துப் பார்ப்பதுபோல, எண் ஒத்துவராத துண்டு தள்ளுபடி. திருட்டுப் படம் இறக்குவதற்கே இது என்று நம் இளைஞர்கள் எண்ணுவது வருத்தம் தருகிறது. முறை குற்றமற்றது, படத்தைத் திருடுவதுதான் குற்றம்.

சில சமயம் இணையத்தையே விட்டுவிடுவது நல்லது. 64 ஜிகாபைட் கொள்ளும் விரலி நிறையப் பழைய வீடியோக்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு ஐந்து மெகாபிட் வேகத்தில் அனுப்ப 28 மணி நேரம் ஆகும். பகாவிலிருந்து சிரம்பானுக்குப் போகிறவர் சட்டைப் பையில் அதைக் கொடுத்துவிட்டால் பஸ்ஸே வேகம்.

கோப்பைப் பெறும்போதும் கவனம் தேவை. கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் சில கோப்புகள் பத்திரிகை அல்ல. பெயரின் கடைசியில் ஏபிகே என்ற எழுத்துகள் இருந்தால் அது கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. திறந்து, கேட்கும் அனுமதிகளைக் கொடுத்துவிட்டால் வங்கிக் குறுஞ்செய்திகளைப் படித்துவிடும். உண்மையான பத்திரிகை படமாகவோ பிடிஎப் கோப்பாகவோ வரும். தெரிந்தவர் பெயரில் வந்தாலும் ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டதென்று தெரிந்த உடனே 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். தேசிய மோசடித் தடுப்பு நிலையம் 2022 முதல் அதில் புகார் கேட்கிறது. தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

அனுப்பியது போய்ச் சேர்ந்தது என்று திரையில் தெரிந்தவுடன் இங்குள்ள கோப்பை அழித்துவிடாதீர்கள். அங்குள்ளவர் அதைத் திறந்து, தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் ஓட்டிப் பார்த்து, தாத்தாவின் குரல் கேட்கிறது என்று சொல்லட்டும். அதன் பிறகும் ஒலிநாடாவைக் குப்பையில் போட வேண்டாம். ஈரம் படாத தகரப் பெட்டியில் வைத்து, மேலே ஆண்டையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி ஒட்டுங்கள்.