கணக்கைத் திறந்து வைத்த வங்கியாளர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொதுப்பணத்தைக் கையாளுவோருக்கு இரண்டு கடமைகள் உண்டு. கணக்கைக் காட்டுவது ஒன்று. முழுக் கணக்கையும் காட்டுவது மற்றொன்று. முதற் கடமையால் பெரும் புகழ் பெற்று, இரண்டாவதிற் குறைவைத்த ஒருவரின் சரித்திரத்தை இன்று சிந்திக்க விரும்புகின்றோம். அவர் பெயர் ஜாக் நெக்கர்.

1732 ஆம் ஆண்டு ஜெனீவாவிற் பிறந்த நெக்கர், இளவயதிலேயே வங்கியொன்றில் இலிகிதராய் அமர்ந்தார். பின்னர் பாரிஸ் மாநகரில் வங்கிப் பங்காளராகி, தானிய வியாபாரத்திலும் அரசாங்கக் கடன்பத்திரங்களிலும் பெருஞ்செல்வம் ஈட்டினார். நம் அயலிலுள்ள புதுச்சேரியில் வாணிகம் நடத்திய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் நிர்வாகிகளுள் ஒருவராகவும் விளங்கினார்.

1776 இல் மன்னர் பதினாறாம் லூயி அவரைத் திறைசேரிக்கு அழைத்தார். அடுத்த ஆண்டு அவர் நிதித்துறைப் பணிப்பாளர் நாயகமானார். கத்தோலிக்க அரசிலே அவர் புரட்டஸ்தாந்தர். ஆதலால் அரச சபையில் அவருக்கு ஆசனம் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் சம்பளம் வாங்க மறுத்தார். சொந்தப் பணத்தில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட லீவர் நாணயத்தைத் திறைசேரிக்குக் கடனாகவும் வழங்கினார். அவர் மனைவியார் சுசான் 1778 இல் நிறுவிய மருத்துவமனை, இன்றும் பாரிஸில் நெக்கர் என்னும் பெயருடன் நிலவுகின்றது.

1781 இல் அவர் செய்த காரியமே அவர் பெயரை நிலைநாட்டியது. அந்நாட்களில் பிரான்சின் வரவு செலவு அரசனும் மந்திரிமாரும் மட்டும் அறிந்த இரகசியம். நெக்கரோ அதனை நூலாக அச்சிட்டு வெளியிட்டார். பிரதிகள் ஆயிரக்கணக்கில் விற்பனையாயின. அரண்மனையைச் சார்ந்த பிரபுக்கள் பெற்ற உபகாரப் பணங்களையும் வரி கொடுத்த குடிமக்கள் கண்டனர். பிரபுக்கள் சினந்தனர். அவ்வாண்டு மே மாதமே நெக்கர் பதவியை விட்டு விலகினார்.

ஆனால் அந்தக் கணக்கு முழுமையானதா? சாதாரண வருமானம் செலவிலும் 1 கோடி லீவர் அதிகம் என்று அது கூறிற்று. அமெரிக்க சுதந்திரப் போருக்குப் பிரான்சு கொட்டிய பணமோ, விசேட செலவு எனப்பட்டு அதற்குப் புறம்பாக நின்றது. அப்போருக்கு நெக்கர் புதுவரி விதிக்கவில்லை, கடனையே வாங்கினார். உபரி இருக்கின்றது என்று நம்பியோர் மேலும் கடன் கொடுத்தனர். மெய்யாகவே உபரி இருந்ததா, பற்றாக்குறை இருந்ததா என்னும் வழக்கு 1787 இல் எழுந்து, சரித்திர ஆசிரியரிடையே நெடுங்காலம் நீடித்தது.

வட்டிச்சுமை வளர்ந்து, 1788 ஆகஸ்டிலே திறைசேரி தன் கொடுப்பனவுகளில் ஒரு பகுதியை நிறுத்த நேர்ந்தது. மன்னர் மறுபடியும் நெக்கரையே அழைத்தார். பஞ்சம் நெருங்கவே, அவர் தானிய ஏற்றுமதியைத் தடுத்து, வெளிநாடுகளில் தானியம் கொள்முதல் செய்வித்தார். 1789 யூலை 11 இல் மன்னர் அவரை நீக்கினார். செய்தி கேட்ட பாரிஸ் மக்கள் அவருடைய சிலையைத் தூக்கி ஊர்வலம் போயினர். மூன்றாம் நாள் பஸ்தில் சிறை வீழ்ந்தது. மீண்டும் பதவி அவரைத் தேடி வந்தது. ஆனால் நாட்டின் கடனை அவராலும் தீர்க்க முடியவில்லை. 1790 செப்டெம்பரில் விலகி, ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள கொப்பே சென்று, 1804 இல் காலமானார். அவர் கொடுத்த கடன் அவர் காலத்தில் திரும்பவில்லை. முடியாட்சி மீண்டபின், 1815 அளவில், எழுத்தாளராகிய அவர் மகள் ஸ்தேல் அம்மையாரே அதனைப் பெற்றார்.

நெக்கர் திருடரல்லர், தம் பொருளை அரசுக்கு ஈந்தவர். அவரது கணக்கிலேயே ஒரு பெருஞ்செலவு புறம்பாக நின்றதென்றால், நாம் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்! பெரியோர்களே, “நம்மவர்தானே, கணக்கு எதற்கு?” என்று அன்பினால் விட்டுவிடாதீர்கள். இளைஞர்களே, கணக்குக் கேட்பதை அவமதிப்பென்று எண்ணாதீர்கள். கோவில் திருப்பணியாயினும் சங்கத்து விளையாட்டுவிழாவாயினும், பற்றுச்சீட்டுடன் வரவும் செலவும் சபைமுன் வரட்டும். கொடுக்கவேண்டிய கடனும் அதே தாளில், அதே பெரிய எழுத்தில் இருக்கட்டும். உபயகாரரின் நம்பிக்கையை நாம் காக்கும் வழி அதுவே.