நாலு பேரைத் தெரிஞ்சு வைங்க



தொழில் தொடங்க என்ன வேணும்னு எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் முதல் பதில் "பணம்" என்றுதான் வரும். பணம் வேணும்தான். ஆனா பல வருஷமா குழுக் கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் சொல்றேன். கடன் வாங்கித் தையல் மெஷின் வாங்கிடலாம். முதல் ஜாக்கெட்டை நம்பிக் கொடுக்க ஆள் கிடைக்கிறதுதான் கஷ்டம். ஆள் இல்லைன்னா மெஷின் மூலையில் நிற்கும், தவணை மட்டும் மாதாமாதம் வரும். அந்தத் தவணையால குழுவுக்குள்ளேயே மனஸ்தாபம் வரும்.

நம்ம குழுக்கள் பிறந்த கதையையே பாருங்க. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. 1992-ல் நபார்டு, குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அடமானம் வைக்கச் சொத்து இல்லாத பெண்களுக்கு வங்கி எதை நம்பிக் கடன் கொடுத்தது? ஒருத்திக்காக இன்னொருத்தி நிற்பாள் என்கிற உறவை நம்பித்தான். நம்ம முதல் மூலதனமே அதுதான்.

சென்னையில் பேட்ரிசியா நாராயண் என்று ஒரு தொழிலதிபர். ஊறுகாய், ஜாம் செய்துதான் ஆரம்பித்தார். அம்மா கடன் கொடுத்து, தன் ஆபீஸிலேயே விற்றும் கொடுத்தார். பிறகு குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர் ஒரு தள்ளுவண்டி தந்தார். மாற்றுத்திறனாளிகள் இரண்டு பேருக்கு வேலை கொடுக்கணும் என்பது நிபந்தனை. 1982-ல் மெரினாவில் கடை போட்டார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி. விடவில்லை. கடற்கரைக்கு வாக்கிங் வருகிறவர்கள் பழக்கமானார்கள். அந்தப் பழக்கத்தில் குடிசை மாற்று வாரிய அலுவலக கேன்டீன் அவருக்குக் கிடைத்தது. 2010-ல் சிறந்த பெண் தொழில்முனைவோருக்கான ஃபிக்கி விருது வாங்கினார்.

கவனிச்சீங்களா? அம்மா நெருங்கின உறவு. வண்டி தந்தவர் கொஞ்சம் தள்ளி. கேன்டீன் கிடைச்சது வெறும் காலை நேரப் பழக்கத்தில். 1973-லேயே மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர் இதை எழுதியிருக்கிறார். புது வேலை பற்றிய தகவல், தினம் பழகுகிறவர்களைவிட எப்போதாவது பார்க்கிறவர்கள் மூலமாகத்தான் அதிகம் வருகிறது என்று.

காரணம் நமக்கே புரியும். ஒரே தெருவில் இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். ஒரு குழுவில் பன்னிரண்டு பேரும் ஊறுகாய் போட்டா யார் வாங்குறது? ஆனா வேற குழுவில் ஒருத்தி தாம்பரம் மார்க்கெட்டில் பூ விற்கிறாள். ஒருத்தி பெருங்களத்தூர் அடுக்குமாடியில் வீட்டு வேலைக்குப் போகிறாள். இன்னொருத்தியின் வீட்டுக்காரர் ஆம்னி பஸ் ஓட்டுகிறார். அந்த அடுக்குமாடியில் எத்தனை வீட்டுக்கு இட்லி மாவு வேணும், நம்ம முடிச்சூர் ஆம்னி பஸ் நிறுத்தத்தில் டிரைவருங்க சாப்பாட்டுக்கு என்ன செய்றாங்க, இதெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். குழு நம்மைத் தாங்கும். கூட்டமைப்புதான் நம்மை அடுத்த தெருவுக்குக் கூட்டிப்போகும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நம்ம ஊர் மூழ்கினப்போ, எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கு, எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவங்க இருக்காங்கன்னு நமக்குத்தானே தெரிஞ்சுது? அந்த அக்கறையைத் தொழிலுக்கும் கொண்டு வரணும்.

அதனால மூணு வேலை சொல்றேன். ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டுப் போடுங்க. யாருக்கு என்ன கைத்தொழில் தெரியும், யாருக்கு எந்த ஆபீஸில், எந்தப் பள்ளியில், எந்தக் கடையில் ஆள் தெரியும்னு எழுதுங்க. கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அதை எடுத்து வாங்க. ரெண்டாவது, கடன் விண்ணப்பம் வரும்போது "எவ்வளவு வேணும்"னு மட்டும் கேட்காம, "முதல் பத்து வாடிக்கை யாரு"ன்னும் கேளுங்க. பதில் இல்லைன்னா கடனை மறுக்க வேண்டாம். நோட்டைப் பார்த்து நாமே ஆளைக் காட்டுவோம்.

மூணாவது, நம்பிக்கையைக் காப்பாத்துங்க. ஒருத்தி பரிந்துரை செய்தால் அவள் பேரும் அந்த மாவுப் பாக்கெட்டோடதான் போகுது. மாவு புளிச்சா ரெண்டு பேர் பேரும் கெடும். தெரிஞ்சவங்கதானேன்னு கணக்கில்லாம கடனுக்குக் கொடுத்தா உறவும் போகும், முதலும் போகும்.

இன்னைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் உங்க குழுக்காரங்க பக்கத்தில் உட்காராதீங்க. தெரியாத ஒரு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க என்ன தொழில் செய்றீங்க?"ன்னு கேளுங்க.