அறுபதுக்குப் பிறகு அடுப்பு எரிய வேண்டாமா?

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊருக்குப் பணம் அனுப்பத் தெரிந்தவர்கள் நாம். தாராவியில் தோல் பதனிட்டவர்களும், பரேலில் ஆலைத் தறி ஓட்டியவர்களும் மணியார்டர் பாரம் நிரப்பித்தான் திருநெல்வேலிச் சீமையில் தங்கைகளைக் கரையேற்றினார்கள். இன்று கைபேசியிலேயே அனுப்புகிறோம். ஆனால் நம் கை ஓய்ந்த பிறகு நமக்கு யார் அனுப்புவார்கள் என்ற கேள்வியை மட்டும் நாம் கேட்டுக்கொள்வதில்லை.

கேட்டால், "ஊரில் வீடு கட்டியிருக்கிறேன்" என்பார் ஒருவர். "நகை சேர்த்திருக்கிறேன்" என்பார் இன்னொருவர். வீடு வேண்டியதுதான். ஆனால் பூட்டிக் கிடக்கும் வீடு முதல் தேதி பிறந்தால் அரிசி வாங்கித் தராது. மகள் கழுத்தில் ஏறிய நகை மகளுடையது. சீட்டுப் போடுகிறவர்கள், அது 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். இதைப் பலமுறை பேசியாகிவிட்டது. இன்று பேச வந்தது பிராவிடண்ட் ஃபண்டைப் பற்றி.

1952-இல் வந்த சட்டம் இது. பெரும்பாலான கம்பெனிகளில் நம் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் நூற்றுக்கு 12 பிடிக்கிறார்கள். முதலாளியும் 12 போட வேண்டும். அவர் பங்கில் 8.33 ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. அதற்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம்தான் உச்சவரம்பு. முதலாளி போடுவது தானம் அல்ல. நமக்குப் பின்னால் தரவேண்டிய கூலி அது.

இந்தக் கூலியை நாம் என்ன செய்கிறோம்? ஒரு கம்பெனியை விட்டதும் முதல் வேலையாகப் பத்தொன்பதாம் நம்பர் பாரத்தையும் 10-சி பாரத்தையும் எழுதிக் கொடுத்து, இருப்பதை வழித்தெடுக்கிறோம். கையில் ஐம்பதாயிரம் வருகிறது, மூன்றே மாதத்தில் கரைகிறது. கரைந்தது ஐம்பதாயிரம் மட்டுமா? 10-சி வழியாக ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிட்டால், அத்தனை வருட சேவையும் கணக்கிலிருந்து போய்விடுகிறது. பத்து வருடம் சேராவிட்டால் மாத ஓய்வூதியம் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தோழர் மூன்று கம்பெனிகளில் ஆறு, ஐந்து, ஏழு என்று பதினெட்டு வருடம் உழைக்கிறார். ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டார் என்றால் 58 வயதில் அவருக்கு ஓய்வூதியம் பூஜ்யம். எடுக்காமல் அடுத்த கம்பெனிக் கணக்குக்கு மாற்றியிருந்தால்? கடைசி ஐந்து வருடச் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய் என்றால் மாதம் 3,857 ரூபாய். பெரிய தொகை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சாகும்வரை வரும். அவருக்குப் பின் மனைவிக்குப் பாதி வரும். சேமிப்புக் கணக்கும் அப்படித்தான். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். 28 வயதில் எடுக்காமல் விட்ட 30,000 ரூபாய், இதே வட்டி தொடர்ந்தால் 58-இல் மூன்று லட்சத்தைத் தாண்டும்.

"எடுக்காமல் எப்படிப் பிழைப்பது?" என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். வேலை இல்லாத மாதத்தில் வாடகைக்காரன் சட்டம் பேசமாட்டான். அதனால்தான் சொல்கிறோம்: முழுக்க வழிக்காதீர்கள், தேவைக்கு மட்டும் முன்பணம் எடுங்கள். 10-சி பாரத்திலேயே பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்கும் வழியும் இருக்கிறது. அதை நம்மவர்களில் பலர் கேட்பதே இல்லை.

நமக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். இந்த ஊர்க் குமாஸ்தா விடுவாரா? 'சர்நேம்' கேட்டு, அப்பா பெயரை அங்கே எழுதிவிடுகிறார். ஆதாரில் "எஸ். முருகன்", கம்பெனியில் "முருகன் சுப்பையா", பாங்கில் "முருகன் எஸ்". ஒரே ஆள் மூன்று ஆளாகிவிட, மனு திரும்பி வருகிறது. வேலையில் இருக்கும்போதே, கையெழுத்துப் போட முதலாளி இருக்கும்போதே, இதைத் திருத்திக்கொள்ளுங்கள். கம்பெனி மூடிய பிறகு அலைந்தால் செருப்புத்தான் தேயும்.

காண்டிராக்டர் கீழ் வேலை பார்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கட்டாமல் ஏப்பம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் 12 இலக்க யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, மாதாமாதம் பாஸ்புக்கைப் பாருங்கள். காண்டிராக்டர் கட்டாவிட்டால், வேலை வாங்கிய பெரிய கம்பெனியே கட்ட வேண்டும் என்கிறது சட்டம். தனியாளாகக் கேட்டால் வேலை போகும், சங்கமாகக் கேட்போம்.

வீட்டு வேலை செய்யும் தாய்மார்களுக்கும், இட்லி விற்கும் சகோதரிகளுக்கும் பி.எஃப். இல்லை. 2015-இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டமும், 2019-இல் வந்த ஷ்ரம் யோகி மான்தன் திட்டமும் உண்டு. இரண்டிலும் 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டாவதில் 29 வயதுப் பெண் மாதம் 100 ரூபாய் கட்டினால் அரசும் 100 போடும். 60-க்குப் பின் மாதம் 3,000. முப்பது வருடம் கழித்து அந்த 3,000-க்கு எத்தனை கிலோ அரிசி கிடைக்கும் என்று திட்டம் போட்டவர்கள் சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இரண்டும் இல்லை. அவர்கள் தபாலாபீசில் சிறுகச் சிறுகப் போட வேண்டியதுதான்.

ஆகவே, சிக்கனமாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை. பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்த தொகை 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள்; பத்து வருடம் ஓடியும் ஏற்றவில்லை. 2004-க்குப் பின் ரயில்வேயில் சேர்ந்த எங்களுக்கும் பழைய பென்ஷன் பறிபோனது. ஊழியர் சங்கங்கள் விடாமல் கேட்டு வந்த பிறகுதான் 2025 ஏப்ரலில், 25 வருடம் வேலை பார்த்தவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி என்ற அளவுக்காவது இறங்கி வந்தார்கள். அமைப்பாக நின்றவர்களுக்கே இவ்வளவு காலம் பிடித்தது.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் இருப்போம். ஆதார், பாங்க் புத்தகம், சம்பளச் சீட்டு, பழைய கம்பெனி அடையாள அட்டை எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். மனைவியையும் அழைத்து வாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய வாரிசு நியமனம் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும். புதிதாக எழுத வேண்டும். அதை அன்றைக்கே எழுதிவிடலாம்.