பல் டாக்டரின் கழுத்தும் பால்மரம் வெட்டியவரின் இடுப்பும்

சுகாதார வெளியீடுகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. இன்று வேலையால் வரும் தசை வலி, மூட்டு வலி பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் இதற்கு நீளமான பெயர். நம் வீடுகளில் ஒரே சொல்தான்: வாயு. தோள் பிடித்தாலும் வாயு, முழங்கால் வீங்கினாலும் வாயு. அந்தச் சொல்லைச் சொல்லி முடித்ததும் நாம் தைலத்தைத் தேடுகிறோம். எதனால் வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பல் டாக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதன அறை, உட்காரச் சக்கர நாற்காலி, கையில் சின்னக் கருவி. இவருக்கு என்ன வலி வரப்போகிறது என்று தோன்றும். ஆனால் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளிவந்த ஒரு கட்டுரை, பல் மருத்துவத் துறையினரில் 64 முதல் 93 விழுக்காட்டினருக்குத் தசை, மூட்டு வலி இருப்பதாகச் சொல்கிறது. முதுகு, கழுத்து, தோள், மணிக்கட்டு ஆகியவைதான் அதிகம் பாதிக்கப்படுகின்றன.

காரணம் பாரம் தூக்குவதல்ல, அசையாமல் இருப்பது. நடக்கும்போது கால் தசை இறுகும், தளரும். இரத்தம் தாராளமாக ஓடும். பல் டாக்டரோ நம் வாய்க்குள் ஒரு சின்ன ஓட்டையைப் பார்க்கக் கழுத்தைக் குனிந்து, ஒரு பக்கம் சாய்த்து, கையைத் தூக்கியபடியே இருக்கிறார். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது முன்னே சாயச் சாய, பின்கழுத்துத் தசை இழுத்துப் பிடிக்கவேண்டிய சுமை கூடுகிறது. தசை இறுகியே இருப்பதால் அங்கு இரத்த ஓட்டம் குறைகிறது. ஒரு நாள் என்றால் இரவுத் தூக்கத்தில் சரியாகிவிடும். இருபது வருடம் என்றால்?

இதைக் கேட்கும்போது குளுவாங், சிகாமட், கூலாய் பக்கத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்குத் தங்கள் நிரை நினைவுக்கு வரலாம். பால்மரத்தில் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம், மண்டோரிடம் ஏச்சு. கீழ்வெட்டுக்கு இடுப்பைக் குனிய வேண்டும், மேல்வெட்டுக்குக் கழுத்தை அண்ணாந்து நிற்க வேண்டும். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி ஒரு நாளில் நானூறு, ஐந்நூறு மரம். அதன் பிறகு பால் வாளியைத் தூக்க வேண்டும். பல் டாக்டருக்காவது நாற்காலி உண்டு.

1700இல் இத்தாலி நாட்டு மருத்துவர் ராமஸினி, தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மற்றக் கேள்விகளோடு அவர் செய்யும் தொழிலையும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அதில் சொன்னார். இன்று கூட்டம் நிறைந்த கிளினிக்கில் டாக்டருக்கு அதைக் கேட்க நேரம் இல்லாமல் போகலாம். நீங்களே சொல்லிவிடுங்கள். "வாயு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த இடம், எத்தனை நாள், எந்த வேலை எத்தனை வருடம் செய்தேன், எப்படித் திரும்பினால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். மலாய் வராவிட்டால் பேரப்பிள்ளையை எழுதித் தரச் சொல்லலாம்.

கை கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ, இரவில் தூங்க விடாமல் வலித்தாலோ, காரணமில்லாமல் உடல் இளைத்தாலோ தள்ளிப்போடாதீர்கள். முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். "மூன்றே நாளில் வலி பறக்கும்" என்று விற்கப்படும் சில ஜாமு, மாத்திரை வகைகளில் ஸ்டீராய்டு மருந்து மறைவாகக் கலந்திருந்ததை நம் நாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். வலி உண்மையிலேயே பறக்கும். ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் முகம் ஊதும், இனிப்பு நீர் கூடும், எலும்பு தேயும். பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஏற்கனவே சாப்பிட்டு வந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பெட்டியோடு டாக்டரிடம் போங்கள். கடையில் வாங்கும் சாதாரண வலி மாத்திரைகளில் சிலவும் இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது.

பழைய வலிக்குப் பெரும்பாலும் உதவுவது அசைவுதான். ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையிலும், குளுவாங், சிகாமட், பத்து பகாட் மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி உண்டு. கிளினிக் டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். அங்கே சொல்லித்தரும் பயிற்சியை வீட்டிலும் செய்ய வேண்டும். வாரம் ஒரு நாள் அங்கே போய் வந்தால் மட்டும் போதாது.

அடுத்த முறை பல் கிளினிக் போகும்போது, கூன் விழுந்திருந்தால், கழுத்து திரும்பாவிட்டால், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினால் முன்கூட்டியே சொல்லுங்கள். தலைக்குச் சின்னத் தலையணை வைப்பார்கள், நாற்காலியைச் சாய்ப்பதைக் குறைப்பார்கள். தலையைத் திருப்ப முடிந்தவர்கள், டாக்டர் சொல்லும் பக்கம் நன்றாகத் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் திருப்பாவிட்டால் அவர் தன் கழுத்தைத்தான் வளைக்க வேண்டும். முடிந்ததும் உடனே இறங்க வேண்டாம். ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகு எழுந்திருங்கள்.